பல்லுக் காட்டிய மாப்பிள்ளை

என்னிடம் உள்ள பழைய படங்களில் ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒருவரும் எனக்குத் தரவுமில்லை. எல்லாம் நான் களவெடுத்தவை. நான் சொல்லச் சொல்ல இதைக் கணினியில் அடிக்கிற என் மகள் இந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்.

"வேறை மாதிரித் தொடங்குங்கோ அம்மா."

"வேறை மாதிரித் தொடங்கினால் அது உன்ரை கதை. இது என்ரை."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை திருத்த மட்டும் அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன்.

இணுவிலில் எங்கள் வீட்டில் சாமிப் படங்களைத் தவிர வேறு படம் கிடையாது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பது அப்பாவின் நம்பிக்கை. ஆயுள் குறைந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ஆள் குறையும் என்பது அவருடைய உள்பயம். எனக்கோ என் முகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதைப் பார்க்க எங்களிடம் இருந்தது உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்று. அதிலும் மூக்குக்கு மேலே பார்த்தால் வாய் தெரியாது.

கலியாண வீடுகளில் படம் எடுப்பார்கள். அப்பாவின் கண்ணில் படாமல் நான் ஏதாவது ஒரு மூலைக்குள் புகுந்துவிடுவேன். ஆனால் நான் நிற்கிற படம் வேறொருவரின் வீட்டில் அல்லவா இருக்கும்? அதுதான் பிரச்சினை.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கதிரை தருவார்கள். பிறகு அல்பம் தருவார்கள். பிறகு வீட்டுக்காரி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போவாள். அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் நானும் அல்பமும் தனியே. கறுப்புத் தாளில் நான்கு மூலைக்கும் சின்னச் சின்னக் கடதாசிச் செருகல்கள் இருக்கும். இரண்டைத் தளர்த்தினால் படம் தானாகக் கையோடு வரும். அதைச் சட்டைக்குள் வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்துப் படம் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் செருகிவிடுவேன். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். படம் அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்துவிட்டு நிமிர்ந்தபடி வீட்டுக்கு நடப்பேன். குனிந்தால் படம் மடங்கிவிடும். அந்தப் பெட்டை என்ன அடக்கமாக, நேராக நடக்கிறாள் என்று ஊரில் என்னை மெச்சியதற்குக் காரணம் அதுதான்.

இப்படிச் சேர்த்ததில் கோப்பாய்க் கலியாணம் ஒன்றில் என் முழங்கை இருக்கிறது. அளவெட்டியில் எடுத்ததில் தவில்காரருக்குப் பின்னால் என் நெற்றியும் ஒரு கண்ணும். இன்னொன்றில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் என் பின்னல் மட்டும். ஒரே ஒரு படத்தில்தான் நான் முழுதாக நிற்கிறேன். அது என் அண்ணனின் கலியாணம்.

மாப்பிள்ளையின் தங்கைதான் பொம்பிளைக்குத் தோழி. அதனால் அப்பாவால் என்னை மறிக்க முடியவில்லை. பொம்பிளை எங்கள் அடுத்த வளவுக்காரி, எனக்கு மச்சாள். பட்டணத்து ஸ்ரூடியோவிலிருந்து வந்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், விட்டபடியே நின்றார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மூச்சு விடாமல் நின்றார்கள். நான் மெல்ல அண்ணனின் பக்கம் சரிந்தேன்.

"அண்ணை, உவர் உள்ளுக்கை நித்திரையாப் போட்டார். பாய் தலையணி குடுப்பமோ?"

அண்ணனுக்குச் சிரிப்பு வெடித்தது. அந்த நேரம் பார்த்துக் கமராக்காரர் விசையை அழுத்திவிட்டார்.

அந்த நாட்களில் கலியாணப் படத்தில் பல் தெரியக் கூடாது. மச்சாளின் தகப்பனார் படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார், இதை ஆருக்குக் காட்டுறது?" என்று கோபித்தார். நல்ல காலம், அதற்குப் பிறகு எடுத்த இன்னொன்று இருந்தது. அதில் எல்லோரும் கோட்டில் தீர்ப்புக்கு நிற்பவர்கள்போல நின்றோம். அதுதான் அல்பத்துக்குப் போனது. சிரித்த படத்தை மச்சாள் வீசவில்லை. அல்பத்தின் கடைசியில் மெல்லிய தாளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து அதை நான் கண்டேன். அதில் நான் பொம்பிளையை விட வடிவாக இருந்தேன். பிறகு என்ன, படம் என் சட்டைக்குள்.

மச்சாள் தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். அரிசிப் பானைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே நான் பார்த்ததுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

"வா, பிள்ளையாரிட்டைப் போவம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்துவார்கள். உண்மை சொல்கிறவர் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் அது செய்தவரின் சொந்த இரத்தத்தின் மேல் விழும் என்பார்கள். நான் அணைத்தேன். "நான் எடுக்கேல்லை" என்றேன். அடுத்த கிழமை தனியே போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மச்சாளும் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

வருடங்கள் போயின. சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு எழும்பின அந்த இடம்பெயர்வின்போது, மச்சாள் இரண்டு நாளில் திரும்பலாம் என்று அல்பத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். நான் அரிசி மூட்டையோடு என் பிஸ்கற் தகரப் பெட்டியையும் சைக்கிள் கரியரில் கட்டினேன். திரும்பி வந்தபோது அவளுடைய வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, அலுமாரியே இல்லை. என் பெட்டியின் மூடியில் மட்டும் கொஞ்சம் கறள் பிடித்திருந்தது.

சில வருடங்களில் அண்ணன் நெஞ்சு வருத்தத்தில் மோசம் போனார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்போம். அதற்கு முன்பக்கத்தில் படம் வேண்டும். மச்சாளிடம் இருந்தது அண்ணனின் அடையாள அட்டை மட்டும். அதிலுள்ள படத்தைப் பெருப்பித்தார்கள். சந்தியில் மறித்து விசாரிக்கப்பட்டவர்போல அண்ணன் அதில் நிற்கிறார். அதையே கண்ணாடி போட்டு சாமியறையிலும் மாட்டினாள்.

அப்போதே என் பெட்டியைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. செத்த வீட்டில் அண்ணனின் தலைமாட்டில் இருந்தபோது அந்தக் கற்பூரம் என் நினைவுக்கு வந்துவிட்டது. சத்தியம் செய்த காலத்தில் எனக்குக் கூடப்பிறந்த இரத்தம் என்று அண்ணனைத் தவிர வேறு யார்? நான் படத்தைக் கொடுத்தால் மச்சாளுக்கும் அதே நினைப்பு வரும். என் புருசனைத் தின்றவள் நீதான் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எதற்கும் பகிடி விடுகிற என் வாய்க்கு இதற்கு மட்டும் ஒரு பகிடி வரவில்லை. படத்தைப் பெட்டியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே வைத்து மூடினேன்.

இந்த வருடம் இரண்டு காரியம் நடந்தது. என் மகள் பெட்டியைக் கண்டுபிடித்து, மேலே கிடந்த படம் ஒன்றைத் தன் போனில் ஊர் உலகம் பார்க்கப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய படங்கள் சேர்ப்பவர், தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். வந்ததும் இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை போட்டார்.

"கையிலை சிரங்கோ தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, படத்துல வேர்வை படக்கூடாது."

நான் எந்தெந்த இடத்தில் வைத்து அந்தப் படங்களைக் கொண்டு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் கையுறையைக் கழற்றியிருப்பார். ஒவ்வொரு படத்தையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். ஸ்ரூடியோவின் முத்திரை, பென்சில் எழுத்து, பசை ஒட்டின அடையாளம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இலக்கம் போட்டு எழுதினார். கடைசியில் பெட்டியின் அடித்தாளையும் தூக்கினார். நான் இருமினேன், அவர் கவனிக்கவில்லை. சிரித்த படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தக் காலத்து மாப்பிள்ளை யாரும் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. இதுதான் இந்தப் பெட்டியிலயே பெரிய சாமான்."

படத்தின் மதிப்பில் பாதி படத்தில் இருக்கிறது, மற்றப் பாதி அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதில் இருக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் கதை இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. எல்லாவற்றையும் தானே வாங்குவதாகவும், பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் என் பெயர் போட்டு மாட்டி வைப்பதாகவும் சொன்னார்.

"பேரை எவ்வளவு பெரிசாப் போடுவியள் தம்பி?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் உடனே சம்மதித்துவிட்டேன். கதைகளை எழுதிக்கொள்ள அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் அன்று பள்ளிக்கூடத்தில். அதனால் சிரித்த படத்தை அவள் காணவில்லை.

இரண்டாவது காரியம் அதே கிழமையில் நடந்தது. மச்சாளுக்குக் கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையை வெட்டி எடுத்தார்கள். ஆசுபத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு வந்தவளைப் பார்க்க, எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் ஆள் நுழையும் வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். சாமியறையில் அண்ணனின் படத்தின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தாள்.

"என்ன மச்சாள், அண்ணைக்குக் குளிருதோ?"

"பகிடியை விடு. கண் மங்கலா இருக்கேக்கை ஒண்டும் தெரியேல்லை. இப்பதான் வடிவாப் பாக்கிறன். நான் என்ன களவெடுத்தனான் எண்டு உப்பிடி முறைக்கிறார்?"

நான் துவாயின் நுனியை இழுத்து நேராக்கினேன்.

"விளக்கு வைக்கப் போனால் பயமாக் கிடக்கு" என்றாள். "அவர் சிரிச்சால் எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சுப் பாக்கிறன். வருகுதில்லை. கண்ணை மூடினாலும் உந்த முகம்தான் வருகுது. எத்தினை வருசம் அந்தாளோடை சிரிச்சனான், ஒண்டும் ஞாபகத்திலை இல்லை."

நான் வீட்டுக்கு வந்து படத்தை எடுத்தேன். வேலிவரைக்கும் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் திரும்பி வந்தேன். களவெடுக்கப் போகும்போது என் கால் ஒரு நாளும் இப்படிப் பின்னியதில்லை.

சனிக்கிழமை கொழும்புக்காரர் வந்தார். படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டி, இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டார். முழங்கைப் படம் என் நடத்தையை மெச்சிக் கோப்பாய்ப் பெரியம்மா ஒருத்தி தந்தது என்றேன். தவில்காரர் படம் அவரே தன் கையால் தந்தது என்றேன். மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை. மனிதர் நம்பி நம்பி எழுதினார். ஆனால் இடையில் பேனாவை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வேற வேற ஊர், வேற வேற குடும்பம், வேற வேற ஸ்டூடியோ. இதெல்லாம் ஒரே பெட்டிக்குள்ள சேர்றதுக்கு என்னம்மா காரணம்?"

நான் வாயைத் திறக்க முன்னம் படலை கிறீச்சிட்டது. வாசலில் கார் நின்றால் மச்சாளால் தன் வீட்டில் இருக்க முடியாது. சிரித்த படம் மேசை ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துக் கதிரையில் போட்டு அதன் மேல் இருந்துகொண்டேன். மச்சாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து என் எதிரே அமர்ந்தாள். மகள் அவளுக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கொழும்புக்காரர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"ஒன்னு குறையுதே. முக்கியமான படம். கல்யாண மாப்பிள்ளை சிரிக்கிறது."

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டாள். மகளுக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் பெரிய தோல் பையோடு வீட்டுக்குள் இருக்கிறார் என்பதுதான்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா, உங்கடை பையை ஒருக்கால் பாக்கலாமோ?" என்றாள்.

அவருடைய முகம் சுண்டிவிட்டது. பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். ஒரு பூதக்கண்ணாடி, கையுறை, மாத்திரை, ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

அப்போது மச்சாள் சொன்னாள். "பிள்ளை, கற்பூரம் எடுத்துக்கொண்டு வா. இஞ்சை இருக்கிற எல்லாரும் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்." கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் யாரைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நானே முதல்ல பண்றேன்" என்று கொழும்புக்காரர் எழுந்தார். மகள் ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு குற்றமும் செய்யாத மனிதனின் கை சுடக் கூடாது என்று நான் நினைத்ததாகச் சொன்னால் நீங்கள் என்னை மெச்சுவீர்கள். உண்மையில் நான் நினைத்தது அவருக்குப் பிறகு என் முறை வரும் என்று. இந்த முறை யார் மேல் விழும்? எனக்கு இப்போது மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நெருப்புப் பெட்டியை வை" என்று எழும்பினேன். படம் என் சீலையோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. மகள்தான் பின்னால் வந்து அதை மெல்ல உரித்தெடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள். ஒரே சொல்லில் அவ்வளவு திட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நான்தான் எடுத்தனான் மச்சாள்" என்றேன். "அப்பவே எடுத்தனான். பிள்ளையாருக்கு முன்னாலை செய்தது பொய்ச் சத்தியம். இதிலை கிடக்கிற எல்லாமே களவு, தம்பி. வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதுங்கோ."

மச்சாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்தில் கழற்றக் கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். படத்தை வாங்கிக் கிட்டப் பிடித்தாள், எட்டப் பிடித்தாள். அவள் ஏசுவாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை மறந்துவிட்டாள்.

"உவர் ஏன் சிரிக்கிறார்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலை குனிந்து நின்ற பொம்பிளைக்கு நான் சொன்ன பகிடி கேட்கவில்லை. அண்ணனும் ஒரு நாளும் அவளுக்குச் சொல்லவில்லை. துணிக்குள் நித்திரையாகிப்போன கமராக்காரரையும், பாய் தலையணியையும் பற்றிச் சொன்னேன்.

"உதுக்கோ சிரிச்சவர்?"

"ஓம்."

"நான் இவ்வளவு காலமும் என்னைக் கட்டின சந்தோசத்திலை சிரிச்சவர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். கண்ணீர் வந்தது. புதுக் கண் என்பதால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. "மச்சாள், அந்தச் சத்தியம்தான் அண்ணையை எடுத்ததோ எண்டு எனக்கு ஒரு பயம்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தாளை எடுத்தது சுருட்டு. உன்ரை சத்தியத்தை நானே நம்பேல்லை, பிள்ளையார் நம்புவாரே? நீதான் எடுத்தனி எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். எரிச்சுப் போட்டாய் எண்டு நினைச்சன். இருந்திருந்தால் எப்பவோ குடுத்திருப்பாய் எண்டு நினைச்சன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசி வசனம் எனக்கு இப்போதும் உறைக்கிறது.

கொழும்புக்காரர் இவ்வளவு நேரமும் பூதக்கண்ணாடியோடு மேசையில் குனிந்தபடி இருந்தார். "இந்த முழங்கை நீங்களா?" என்றார். "இந்தப் பின்னலும்? தவிலுக்குப் பின்னால இந்தக் கண்ணும்?" அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு படத்திலும் என்னைத் தேடிப் பிடித்து, தேர்த் திருவிழாவுக்கு வந்த பிள்ளைபோல மகிழ்ந்தார். ஆனால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். களவுச் சாமான் என்று தெரிந்துகொண்டு வாங்க முடியாதாம். நான் உண்மை சொன்ன அன்றே என் சொத்தின் பெறுமதி ஒன்றுமில்லாமல் போனது. பிரதி மட்டும் எடுத்துக்கொண்டார்.

"பேர் போடுவியளோ?" என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா எப்படிச் சேர்ந்ததுன்னும் போடணும்."

"பள்ளிக்கூடப் பிள்ளையள் பாக்க வருவினம் அம்மா" என்றாள் மகள். ஆகவே மண்டபத்தில் மாட்டிய பிரதிகளில் என் பெயர் இல்லை. 'சேர்த்தவர்: ஒவ்வொரு படத்திலும் எங்கோ நிற்பவர்' என்று ஒரு மட்டை மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் என்னைத் தேடுகிறோம் என்று படங்களோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதை நானே கண்டேன். பக்கத்தில் நின்ற எனக்கு ஒருவரும் கதிரை தரவில்லை.

பெட்டியில் உள்ளவற்றை மகளின் கட்டளைப்படி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். அல்பங்கள் அழிந்துபோன வீடுகள்தான் அதிகம். களவெடுத்தவளுக்கு வடையும் தேத்தண்ணியும் தருகிறார்கள். ஒரு வீட்டில் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அங்கே நான் ஒரு பகிடியும் விடவில்லை.

மச்சாளுக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. சிரித்த படத்தைச் சாமியறையில் மாட்ட முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்கு விளக்கு வைக்கக் கூடாது. அதில் அவளும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். என்னை வெட்டிவிடலாமோ என்று அவள் கத்தரிக்கோலோடு யோசித்தது எனக்குத் தெரியும். கடைசியில் முறைக்கிற அண்ணனைச் சாமியறையிலேயே விட்டுவிட்டு, சிரிக்கிற அண்ணனைக் குசினிக்குள் அடுப்புக்கு நேரே மாட்டினாள். "உள்ளுக்கை இருக்கிறவர் அரசாங்கத்துக்கு எடுத்த ஆள். இவர் எனக்கு" என்றாள். சாமியறையிலும் இப்போது துவாய் இல்லை.

காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் போய் அவளுடைய குசினியில்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

"உன்ரை முகத்தைப் பாக்கத்தானே விடியவெள்ளண வந்து நிக்கிறாய்" என்பாள்.

"ஓம், வேறை என்னத்துக்கு?" என்பேன்.

நேற்று நான் போனபோது புட்டு அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது. மச்சாள் அகப்பையோடு படத்துக்கு முன்னால் நின்று, "இப்பிடி விடிய முதலே சிரிச்சுக்கொண்டு நிண்டால் ஆர் அடுப்பைப் பாக்கிறது?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.